வீட்டுக்கு விலாசம் உண்டு, ஆசாரிக்கு இல்லை: செட்டிநாட்டு உள்ளலங்காரம் பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான், பள்ளத்தூர் என்று எந்த ஊருக்குள் வேண்டுமானாலும் போய்ப் பாருங்கள். பெரிய வீடு என்றால் முகப்பு உச்சியில் கட்டியவரின் விலாசம் சுதையில் எழுதியிருக்கும். மூன்று நான்கு இனிஷியல், அதற்குப் பின் பெயர், சில வீடுகளில் ஆண்டும். உள்ளே போனால் வாசல் நிலைக்கு மேலே யானைகள் நீர் சொரிய கஜலட்சுமி உட்கார்ந்திருப்பாள். அவளைச் செதுக்கிய ஆசாரியின் பெயர் எங்கும் இருக்காது. தரையைப் பாவியவர், சுவரைத் தேய்த்துத் தேய்த்துக் கண்ணாடி ஆக்கிய கொத்தனார், இவர்கள் பெயரும் கிடையாது.

எங்கள் பக்கத்து இன்டீரியர் டிசைனர்களைக் கொண்டாட வேண்டும் என்று பேச்சு எழும்போதெல்லாம் பட்டியலில் முதலில் வருவது சென்னையிலும் மதுரையிலும் ஆபீஸ் வைத்திருப்பவர்கள். அவர்களில் கெட்டிக்காரர்கள் நிறைய உண்டு. நானும் அந்தத் தொழிலில்தான் பிழைக்கிறேன். ஆனால் உள்ளலங்காரம் என்பது கல்லூரிப் படிப்பாக ஆவதற்கு வெகுகாலம் முன்பே, அதை உலகம் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் செய்து முடித்த ஊர் இது. செய்தவர்களை நாம் 'வேலைக்காரர்கள்' என்ற கணக்கில் எழுதிவிட்டோம். அந்தக் கணக்கு சரியா என்று பார்ப்பதற்குத்தான் இந்த ஆய்வு. இங்கே எடுத்துக்கொண்டிருப்பது ஒரு தனி வீட்டை அல்ல. 1850 வாக்கிலிருந்து 1940கள் வரை எழுந்த செட்டிநாட்டுப் பெரிய வீடு என்ற வகையை. வீட்டுக்காரர் என்ன கேட்டிருப்பார், அதற்கு இவர்கள் என்ன முடிவெடுத்தார்கள் என்று ஒவ்வொரு கட்டாகப் பார்க்கலாம்.

பின்னணி சுருக்கமாக. நகரத்தார், அதாவது நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள், பர்மா, இலங்கை, மலேயா என்று போய் வட்டிக்கடையும் வியாபாரமும் நடத்தினார்கள். பணம் அங்கே சேர்ந்தது, வீடு இங்கே எழுந்தது. பர்மாத் தேக்கு கப்பலில் வந்தது. இத்தாலியப் பளிங்கு, ஐரோப்பாவிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் பூ ஓடுகள், பெல்ஜியம் கண்ணாடி, இங்கிலாந்து இரும்பு எல்லாம் வந்தன. இன்றைய சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்களில் எழுபதுக்கும் மேற்பட்ட ஊர்கள் இப்படி வளர்ந்தன. பொருள் எங்கிருந்து வந்தது என்ற பட்டியலை எல்லா வழிகாட்டிகளும் ஒப்பிப்பார்கள். ஆனால் கப்பலில் வந்து இறங்கியது மரமும் கல்லும்தான். அவை எந்த இடத்தில், எந்த அளவில், எதற்குப் பக்கத்தில் என்ற யோசனை இங்கே நடந்தது.

வீட்டுக்காரர் கேட்டது என்ன?

இன்று ஒரு கிளையன்ட் மூன்று படுக்கையறை, ஒரு பூஜை அறை, மாடுலர் கிச்சன் என்று சொல்லிவிட்டுப் போகிறார். அன்றைய தேவை இதைவிடச் சிக்கலானது. ஆண்கள் வருஷக்கணக்கில் கடல் தாண்டி இருப்பார்கள். வீட்டை நடத்துவது ஆச்சிகள், அதாவது வீட்டுப் பெண்கள். மகனுக்குக் கல்யாணமானால் 'வேறு வைப்பது' நகரத்தார் வழக்கம். ஒரே வீட்டில் இருந்தாலும் அவர்களுக்குத் தனி அடுப்பு, தனிக் கணக்கு. அப்படியே தலைமுறை பெருகும். இன்னொரு பக்கம் கல்யாணம், அறுபது, எண்பது, முன்னோருக்குப் படைக்கும் படைப்பு என்று எதுவானாலும் வீட்டிலேயே நடக்க வேண்டும். அன்றைக்கு நூற்றுக்கணக்கில் ஆள் சேரும். எல்லோரும் பந்தியில் உட்கார வேண்டும். மறுநாள் அதே வீட்டில் நாலு பேர்தான் இருப்பார்கள். அந்த நாலு பேருக்கும் வீடு வெறிச்சென்று தோன்றக்கூடாது.

தனித்தனியாகவும் இருக்க வேண்டும், ஒன்றாகவும் இருக்க வேண்டும், வேண்டும்போது விரிய வேண்டும். இதற்கு அவர்கள் கண்ட விடை வளவு. நடுவில் வானம் பார்த்த முற்றம்; அதைச் சுற்றித் தூண்கள் நிற்கும் தாழ்வாரம்; தாழ்வாரத்தை ஒட்டி வரிசையாக அறைகள். கல்யாணமான ஒவ்வொரு மகனுக்கும் ஓர் அறை.

அந்த அறைகளை உள்ளே போய்ப் பார்த்தவர்களுக்கு ஒரு ஏமாற்றம் இருக்கும். வெளியே அத்தனை ஆடம்பரம், அறை மட்டும் சின்னது, கொஞ்சம் இருட்டும் கூட. காரணம், அது வாழ்வதற்கான அறையே இல்லை. சீர் சாமான், பெட்டி, பாத்திரம், நகை, பட்டு எல்லாவற்றையும் பூட்டி வைக்கும் இடம் அது. உட்காருவது, படுப்பது, பேசுவது, வடாம் காயப்போடுவது, பிள்ளைக்குத் தலை வாருவது எல்லாம் தாழ்வாரத்தில். தனிமையைச் சாமான்களுக்குக் கொடுத்துவிட்டு காற்றையும் வெளிச்சத்தையும் மனுஷருக்குக் கொடுத்திருக்கிறார்கள். இன்றைய ஃபிளாட்டில் நாம் செய்வது நேர் எதிர்: படுக்கையறைக்கு நல்ல ஜன்னல், எல்லோரும் கூடும் ஹாலுக்கு டியூப் லைட். யார் சரி என்று நான் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. ஆனால் அது யோசித்து எடுத்த முடிவு என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

வரிசையும் அப்படித்தான். தெருவில் திண்ணை, அப்புறம் முகப்பு. அங்கே ஆண்கள், வியாபாரம், கணக்குப்பிள்ளை. அதைத் தாண்டினால் வளவு. குடும்பமும் சடங்கும் அங்கே. அதற்குப் பின்னால் இரண்டாம் கட்டு, சாப்பாடு. மூன்றாம் கட்டில் அடுப்படி, அம்மி, ஆட்டுக்கல், கிணறு. முன்வாசல் ஒரு தெருவில் இருந்தால் பின்வாசல் அடுத்த தெருவில் இருக்கும். எல்லா நிலைகளும் ஒரே நேர்கோட்டில் வரும்படி வைத்திருப்பார்கள். கதவுகள் திறந்திருந்தால் முன்வாசலில் நின்று பின்தெருவைப் பார்க்கலாம். காற்றும் அந்த வழியில்தான் போகும். நிலையின் அகலமும் உயரமும் முன்னிருந்து பின்னுக்குப் போகப் போகக் குறைந்துகொண்டே வரும் வீடுகளும் உண்டு. அதனால் வீடு இருப்பதைவிட நீளமாகத் தெரியும். நாடக மேடையில் செய்கிற கண்கட்டு வித்தைதான் அது, தேக்கில் செய்திருக்கிறார்கள்.

பொருளைப் பங்கிட்டதிலும் ஒரு கணக்கு இருக்கிறது. பல வீடுகளில் முகப்பில் பளிங்கு, வளவில் கருங்கல்லோ தேக்கோ தூண், இரண்டாம் கட்டில் ஆத்தங்குடிக் கல் (ஆத்தங்குடி ஊரில் கையால் செய்யும் சிமென்ட் பூ ஓடு), அடுப்படியில் வெறும் கல் பாவிய தரை. விருந்தாளி பார்க்கும் இடத்தில் செலவு, தண்ணீர் கொட்டும் இடத்தில் சிக்கனம். கையை வீசிச் செலவு செய்த ஆட்கள் என்று நகரத்தாரைப் பற்றி வெளியூரில் ஒரு எண்ணம் உண்டு. பின்கட்டைப் பார்க்காதவர்கள் சொல்வது அது.

வளவில் விழும் மழையும் வீணாகாது. அடுக்கடுக்காக வேய்ந்த நாட்டு ஓட்டுக் கூரை நாலு பக்கமும் உள்நோக்கிச் சரிந்திருக்கும். விளிம்பில் தகரத் தூம்பு, மூலையில் இறங்கும் குழாய், அடியில் அண்டா. மிச்சத் தண்ணீர் வாய்க்கால் வழியே வெளியேறி ஊரணிக்குப் போகும். வற்றாத ஆறு இல்லாத, வானம் பார்த்த பூமியில் இதை உள்ளலங்காரத்திலிருந்து பிரித்துப் பார்க்க முடியாது. தூம்பின் கீழே விழும் நீர் தெறிக்காமல் இருக்க எந்தக் கல்லை எங்கே வைப்பது என்று யாரோ ஒருவர் தீர்மானித்திருக்கிறார்.

சுவர்

செட்டிநாட்டுச் சுவரைத் தொட்டுப் பார்க்காதவர்களுக்கு அதைச் சொல்லிப் புரியவைப்பது கஷ்டம். வெயில் காலத்தில் கன்னத்தை வைத்தால் சில்லென்றிருக்கும். வெள்ளை என்றால் பளீர் வெள்ளை அல்ல, லேசாகப் பால் நிறம். எதிரில் நிற்பவரின் நிழலுருவம் மங்கலாகத் தெரியும். பெயின்ட் கிடையாது.

வேலை சுவரில் தொடங்குவதில்லை, சுண்ணாம்பில் தொடங்குகிறது. சுட்ட சுண்ணாம்பை நீற்று, ஊறவைத்து, சலித்து, மணலோடு அரைப்பார்கள். கடுக்காயும் வெல்லமும் (சிலர் கருப்பட்டியும்) ஊறிய தண்ணீரை அதில் சேர்ப்பார்கள். முதல் பூச்சு சொரசொரப்பாக இருக்கும். ஒவ்வொரு பூச்சுக்கும் மணல் குறைந்துகொண்டே போகும், சுண்ணாம்பு நைஸாகிக்கொண்டே போகும். கடைசிப் பூச்சில் முட்டையின் வெள்ளைக்கரு சேரும். அது ஈரம் காய்வதற்குள் வழவழப்பான கூழாங்கல்லால் தேய்க்க வேண்டும். எப்போது தேய்க்கத் தொடங்குவது என்பதில்தான் கொத்தனாரின் திறமை எல்லாம் இருக்கிறது. சீக்கிரம் தொட்டால் பூச்சு கல்லோடு வந்துவிடும். தாமதித்தால் எவ்வளவு தேய்த்தாலும் பளபளப்பு வராது. மழை நாளில் ஒரு நேரம், பங்குனி வெயிலில் ஒரு நேரம். இதைக் கடிகாரம் பார்த்துச் சொல்ல முடியாது. விரல் வைத்துத்தான் சொல்வார்கள்.

இதன் வேதியியல் ஒன்றும் மந்திரமில்லை. சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை மெதுவாக வாங்கிக்கொண்டு திரும்பவும் சுண்ணாம்புக் கல்லாக இறுகுகிறது. வருஷம் ஆக ஆகப் பலம் கூடும். வெல்லத் தண்ணீர் கலவையை இளக்கமாக வைத்து, வேலை செய்ய நேரம் கொடுக்கிறது. முட்டைப் புரதம் மேற்பரப்பை நெருக்கமாக்கித் தண்ணீரை ஒட்டவிடாமல் செய்கிறது. முக்கியமான சங்கதி, இந்தச் சுவர் மூச்சு விடும். செங்கல்லுக்குள் ஏறிய ஈரம் பூச்சு வழியாக வெளியேறிவிடும்.

இது தெரியாமல் செய்கிற ரிப்பேர்தான் இன்று பல வீடுகளைக் கெடுக்கிறது. ஓரிடத்தில் காரை உதிர்ந்தால் சிமென்ட் வைத்துப் பூசி, மேலே எமல்ஷன் அடித்துவிடுகிறார்கள். ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளே தங்கி, உப்புப் பூத்து, சிமென்ட் வைத்த இடத்தைச் சுற்றியிருக்கும் நல்ல காரையையும் தள்ளிக்கொண்டு வந்துவிடும். பழைய சுவர் பொல்லாதது என்று பழி அதன்மேல் விழும். சுண்ணாம்பு வேலை தெரிந்த ஒருவரைக் கூட்டிவந்து அரைநாள் பேசியிருந்தால் போதும். அந்த அரைநாள் பேச்சுக்கு நம்மிடம் 'கன்சல்டன்சி' என்று ஒரு பெயர் இருக்கிறது, நாம் வாங்கும்போது மட்டும்.

தரை

ஆத்தங்குடிக் கல் செய்கிற பட்டறைக்கு வெளியூர்க்காரர்களைக் கூட்டிப் போனால் முதலில் தேடுவது சூளையை. சூளை கிடையாது. கரண்ட் மெஷினும் பெரும்பாலும் கிடையாது. தரையில் குத்தவைத்து உட்கார்ந்து ஒருவர் ஊற்றிக்கொண்டிருப்பார், அவ்வளவுதான்.

அவர் முன்னால் ஒரு சதுரக் கண்ணாடித் துண்டு. அதன்மேல் இரும்புச் சட்டம். சட்டத்துக்குள் உலோகத் தகட்டில் வளைத்துச் செய்த அச்சு. பூ, கொடி, நட்சத்திரம் என்று எதுவாகவும் இருக்கலாம். அச்சின் ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் கரண்டியால் ஒரு நிறம். சிமென்டும் நைஸ் மணலும் நிறப்பொடியும் தோசை மாவுப் பதத்துக்கும் கொஞ்சம் இளக்கமாகக் கலந்திருக்கும். அதிகம் தண்ணீர் இருந்தால் அச்சை எடுத்ததும் சிவப்பு மஞ்சளுக்குள் ஓடிவிடும். குறைந்தால் மூலை நிரம்பாது. எல்லாக் கட்டமும் நிரம்பியதும் அச்சை ஒரே தூக்காக, ஆடாமல், மேலே எடுப்பார். நிறங்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நிற்கும், கலக்காது. அந்த ஒரு நொடிக்காகத்தான் சுற்றுலாப் பயணிகள் செல்போனைத் தூக்கிப் பிடிக்கிறார்கள். அப்புறம் மேலே உலர்ந்த சிமென்ட், மணல் தூவல். அது கீழிருக்கும் ஈரத்தை உறிஞ்சும். அதன்மேல் கெட்டிக் கலவை வைத்துச் சட்டத்தின் மட்டத்துக்கு வழித்துவிடுவார். ஒருநாள் காய்ந்தபின் தண்ணீர்த் தொட்டியில் பல நாள் ஊறும். எடுத்துக் காயவைத்தால் கண்ணாடி தனியாகக் கழன்று வரும். "கண்ணாடிய நீங்க இழுக்காதீங்கண்ணே, தானா விட்டுரும்" என்பார்கள்.

பளபளப்புக்குக் காரணம் அந்தக் கண்ணாடிதான். கண்ணாடியின் வழவழப்பைச் சிமென்ட் அப்படியே வாங்கிக்கொள்கிறது. உலகத்தின் பல நாடுகளில் சிமென்டில் பூ ஓடு செய்யும் வழக்கம் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பரவிய தொழில்நுட்பம் அது. ஆனால் அங்கே பெரும்பாலும் இரும்பு அச்சில் வைத்து அழுத்தும் முறை. இங்கே அழுத்தம் இல்லை, கண்ணாடியில் ஊற்றுவதோடு சரி. வெளிநாட்டிலிருந்து இறக்கிய விலையுயர்ந்த ஓட்டைப் பார்த்து, இந்த ஊர்ப்பக்கத்து மணலையும் கண்ணாடியையும் வைத்து அதே காரியத்தைச் சாதித்திருக்கிறார்கள். இதற்கு டிசைன் என்று பெயரில்லையென்றால் வேறெதற்கு?

கல்லைச் செய்வது பாதி வேலை. பாவுவது மறுபாதி. பழைய வீட்டுத் தரையைக் கவனித்தால் அது ஒரு ஜமக்காளத்தை விரித்ததுபோல் வகுத்திருக்கும். சுவரை ஒட்டி ஒரு வரிசை ஒற்றை நிறம், அப்புறம் பார்டர், மூலைக்கு மூலை தனிக் கல், நடுவில் பூ. அறை சதுரமாக இல்லாத இடத்தில் வித்தியாசத்தை அந்த ஒற்றை நிற வரிசை விழுங்கிக்கொள்ளும். பார்டரும் பூவும் வெட்டுப்படாது. இப்போது போடும் பல தரைகளில் சுவரோரம் பாதிப் பூ, கால் பூ என்று வெட்டுப்பட்டு நிற்பதைப் பார்க்கிறேன். கம்ப்யூட்டரில் வரைந்து கொடுத்த லேஅவுட்தான் அது.

சென்னை ஃபிளாட்டுகளில் இந்தக் கல்லை ஆசைப்பட்டுப் போடுகிறவர்கள் இரண்டு இடத்தில் மாட்டிக்கொள்கிறார்கள். ஒன்று, கனம். கல்லே முக்கால் அங்குலத்துக்கு வரும், அதற்குக் கீழே நல்ல கலவைப் படுகை வேண்டும். பக்கத்து அறையில் மெல்லிய விட்ரிஃபைட் டைல் என்றால் மட்டம் ஒத்துவராது, கதவை அறுக்க வேண்டிவரும். இன்னொன்று, ஆசிட். வேலை முடிந்து வீட்டை ஒப்படைக்கும் முன் கான்ட்ராக்டரின் ஆட்கள் எல்லாத் தரையையும் ஆசிட் ஊற்றிக் கழுவுவது ஊர்வழக்கம். சிமென்ட் கல்லில் ஆசிட் பட்டால் முடிந்தது. மெருகு போய் வெளுத்துவிடும். நான் எடுத்த ஒரு வேலையிலும் அப்படி ஆனது. கல் மட்டமான சரக்கு என்று வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டுக் கான்ட்ராக்டர் நகர்ந்துவிட்டார். பட்டறைக்காரர் கல்லை வண்டியில் ஏற்றும்போதே, வெறும் தண்ணீர், கொஞ்சம் தேங்காயெண்ணெய், வேறெதுவும் கூடாது என்று சொல்லித்தான் அனுப்பியிருந்தார். அவர் சொன்னதை யாரும் 'ஸ்பெசிஃபிகேஷன்' என்று எடுத்துக்கொள்ளவில்லை. ஏ4 தாளில் அடித்து வரவில்லையே.

தச்சும் கூட்டமும்

மரவேலையைப் பற்றி ஏற்கெனவே நிறையப் பேர் எழுதிவிட்டதால் சுருக்கமாகவே சொல்கிறேன். நிலைதான் ஆசாரியின் கையெழுத்து. கஜலட்சுமி, அன்னம், யாளி, கொடிக்கருக்கு எல்லாம் அதில் இருக்கும். தூணுக்கும் உத்தரத்துக்கும் நடுவில் பாரம் தாங்கும் போதிகைக் கட்டை. வீட்டின் அளவுகளை மனையடி சாஸ்திரத்துக்கும் ஆயாதி என்ற அளவுப் பொருத்தத்துக்கும் ஒத்து வரும்படி முழக்கோலால் குறிப்பார்கள். அதே ஆசாரிகள் கையில் ஐரோப்பிய மேஜை நாற்காலியின் மாதிரி வந்தபோது அதையும் செய்தார்கள். சுதை வேலைக்காரர்கள் முகப்பில் லட்சுமிக்கு இரண்டு பக்கமும் துப்பாக்கி பிடித்த சிப்பாயை நிறுத்தினார்கள், தொப்பி போட்ட துரையையும் உட்காரவைத்தார்கள். 1930களில் ஆர்ட் டெக்கோ மோஸ்தர் வந்தபோது வளைந்த பால்கனியும் கோடு போட்ட சுவரும் செட்டிநாட்டுக்குள் நுழைந்தன. உள்ளே வளவு அப்படியே இருந்தது. புதுசை எங்கே விடுவது, பழசை எங்கே பிடித்துக்கொள்வது என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

இவையெல்லாம் ஒருவர் தலையில் உதித்தவை என்று சொல்லமாட்டேன். வீட்டுக்காரர் ரங்கூனில் பார்த்ததைச் சொல்லியிருப்பார். ஆச்சி அடுப்படியை இப்படி வை என்றிருப்பார். ஆசாரி முடியும் முடியாது என்று சொல்லியிருப்பார். கூட்டுவேலை. கூட்டுவேலையில் பணம் போட்டவரின் பெயர் மட்டும் முகப்பில் ஏறியது.

நின்றதும், பிரித்ததும்

1930களின் உலகப் பொருளாதார மந்தம் முதல் அடி. 1942இல் ஜப்பான்காரன் பர்மாவுக்குள் வந்தது அடுத்தது. 1962இல் அங்கே ராணுவம் ஆட்சியைப் பிடித்தபின் நடந்த தேசியமயத்தில் மிச்சமும் போயிற்று. புது வீடு கட்டுவது நின்றது. இருக்கும் வீடுகளுக்குப் பங்காளிகள் பெருகினார்கள். கோயம்புத்தூரில் ஒருவர், சிங்கப்பூரில் ஒருவர், அமெரிக்காவில் ஒருவர். ஓடு மாற்ற வேண்டுமென்றால் எல்லோரும் சம்மதிக்க வேண்டும். சம்மதிக்காவிட்டால் வீட்டைப் பிரித்துப் பங்கிடுவது சுலபம். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவிலுள்ள பழம்பொருள் கடைகளுக்கு நிலையும் தூணும் எனாமல் பாத்திரமும் இப்படித்தான் வந்து சேர்ந்தன. அங்கே ஒரு நிலைக்கு என்ன மரம், எந்த ஊர் வீடு, எத்தனை அடி என்று எல்லாம் சொல்வார்கள். செதுக்கியது யார் என்று கேட்டால் கடைக்காரர் உங்களை ஒரு மாதிரி பார்ப்பார்.

மறுபக்கம், வீடுகளைக் காப்பாற்றியவர்களும் உண்டு. மீனாட்சி மெய்யப்பன் 1990களின் கடைசியில் காரைக்குடியில் 'தி பங்களா'வை விருந்தினர் விடுதியாகத் திறந்தார். பெயருக்கேற்ப அது பங்களாதான், வளவு வீடு அல்ல. ஆனால் வெளியூர்க்காரர்கள் இங்கே வந்து தங்குவார்கள் என்பதை அது காட்டிக்கொடுத்தது. கானாடுகாத்தானில் ஒரு தகப்பனார் மகள் விசாலாட்சிக்காகக் கட்டிய ஆர்ட் டெக்கோ வீடு 'விசாலம்' என்ற ஹோட்டல் ஆனது. கோத்தமங்கலத்தில் பெர்னார் டிராகோன், மிஷல் அத்மான் என்ற இரு பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர்கள் 'சாரதா விலாஸ்' வீட்டைப் புதுப்பித்தார்கள். செட்டிநாட்டு ஊர்களை ஆவணப்படுத்துவதிலும் அவர்கள் வேலை பெரிது. சென்னைக்குத் தெற்கே முட்டுக்காட்டில் 1996இல் திறந்த தட்சிணசித்ரா அருங்காட்சியகத்தில் ஒரு செட்டிநாட்டு வீடு பெயர்த்தெடுத்து நிறுத்தப்பட்டிருக்கிறது. 2014இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் செட்டிநாட்டு ஊர்க் கூட்டங்கள் சேர்ந்தன.

இந்த வேலைகளில் நான் மெச்சுவது ஒன்று உண்டு. ஹோட்டலாக மாற்றும்போது பெரிய சிக்கல் குளியலறைதான். அன்றைய அறையோடு கழிப்பறை கிடையாது. அதை எங்கே நுழைத்தாலும் சுண்ணாம்புச் சுவரில் தண்ணீர் ஏறும். நன்றாகச் செய்த இடங்களில் பழைய சுவரைத் தொடாமல், அறைக்குள் தனிப் பெட்டியாகவோ பின்னால் தனிக் கட்டாகவோ குளியலறையை வைத்து, வேண்டுமானால் நாளை கழற்றிவிடலாம் என்ற நிலையில் விட்டிருக்கிறார்கள். அவசரமாகச் செய்த இடங்களில் நிலைக்குப் பக்கத்திலேயே குழாய் ஓடுகிறது. புதுப்பித்தவர்களுக்கு விருதும் பேட்டியும் கிடைக்கின்றன, கிடைக்கத்தான் வேண்டும். அந்தச் சுவரைத் திரும்பப் பூசிய கொத்தனார்கள் பேட்டியின் புகைப்படத்தில், பின்னணியில், சாரத்தின்மேல் நிற்கிறார்கள்.

பெயர் எழுதுவது பற்றி

ஆகவே கொண்டாடுவது என்றால் என்ன செய்வது? மேடை, சால்வை, கேடயம் இவற்றில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. சால்வை போர்த்திவிட்டு மறுநாள் சதுர அடிக் கூலியில் பேரம் பேசுவோம். எங்கள் தொழிலில் மரியாதை தெரிகிற இடம் இரண்டு: வரைபடத்தில் வடிவமைத்தவர் பெயர் எழுதும் ஓரக் கட்டம், பில்லில் உள்ள வரி. முதலாவதில் பெயர் ஏறவேண்டும். இரண்டாவதில் 'கூலி' என்பதற்கு மேலே வடிவமைப்புக்கென்று ஒரு தொகை வரவேண்டும். பார்டரை எங்கே நிறுத்துவது என்று கல் பாவுகிறவர் சொல்லி நான் என் வரைபடத்தைத் திருத்தினால், அந்த மாற்றத்துக்கான கட்டணம் அவருடையது.

இதைச் செய்து பார்த்ததில் சிக்கல் இல்லாமல் இல்லை. தச்சு வேலையில் சுலபம்; மேஸ்திரி யார் என்று தெரியும். சுண்ணாம்புப் பூச்சிலும் ஒருவர் முன்னின்று செய்வார். தரையில்தான் குழப்பம். அச்சு வளைத்தவர் ஒருவர், ஊற்றியவர் இன்னொருவர், பாவியவர் மூன்றாமவர். பட்டறைக்குப் போன் செய்து பெயர் கேட்டால் முதலாளியின் பெயரைச் சொல்கிறார்கள், அது பில்லிலேயே இருக்கிறது. ஊற்றியவரைக் கேட்டால், "நாங்க மொத்தப் பேரும்தானே ஊத்துறோம், யார் பேரப் போடுவீங்க?" என்று சிரிக்கிறார். அச்சு விஷயம் இன்னும் மோசம். அதே பூவை இப்போது பெரிய தொழிற்சாலைகள் பீங்கான் டைலில் பிரின்ட் அடித்து 'ஆத்தங்குடி டிசைன்' என்று விற்கின்றன. கையளவு தகட்டில் அந்தப் பூவை முதலில் வளைத்தவருக்கோ அவர் வாரிசுக்கோ அதில் ஒரு பைசா கிடையாது, இது யாருடைய உருவம் என்று நிரூபிக்க ஒரு தாளும் கிடையாது.

இப்போதைக்கு நான் செய்வது இதுதான். பாவியவரின் பெயரை வரைபடத்தில் எழுதுகிறேன், பட்டறையின் பெயரை ஊரோடு சேர்த்து எழுதுகிறேன், ஊற்றியவர்கள் எத்தனை பேர் என்றாலும் பட்டறையில் கேட்டு எல்லோர் பெயரையும் பின்தாளில் சேர்க்கிறேன். கிளையன்ட்டுகளில் பாதிப் பேர் அந்தத் தாளைப் பார்ப்பதே இல்லை. மீதிப் பாதியில் சிலர், அடுத்த வேலைக்கு என்னை விட்டுவிட்டு நேரே அவர்களுக்கே போன் செய்துவிடுகிறார்கள். அதனால் எனக்கு வேலை போகிறது என்று நண்பர்கள் எச்சரிக்கிறார்கள். போகட்டும், அவர்களுக்குத்தானே போகிறது.